பளுதூக்கும் பெல்ட்: உடலுக்கும் பயிற்சிக்கும் ஏற்றதைத் தேர்ந்தெடுத்தல்

பளுதூக்கும் பெல்ட் என்பது அதிக எடையைத் தூக்கும்போது வயிற்றையும் கீழ்முதுகையும் சுற்றி இறுக்கமாக அணியப்படும் அகன்ற பட்டை ஆகும். தோல், நைலான் போன்றவற்றால் இது செய்யப்படுகிறது. ஒலிம்பிக் விளையாட்டான பளுதூக்குதல் (இலங்கை வழக்கில் பாரம் தூக்குதல்), வலுதூக்குதல் எனப்படும் பவர்லிஃப்டிங், உடற்கட்டுப் பயிற்சி ஆகிய மூன்றிலும் இது பயன்படுகிறது. ஆனால் மூன்றிற்கும் ஒரே வகை பெல்ட் பொருந்துவதில்லை. ஒருவருடைய இடுப்புச் சுற்றளவு, விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் உள்ள இடைவெளி, அவர் செய்யும் பயிற்சி, தூக்கும் எடை ஆகியவற்றைப் பொறுத்தே பெல்ட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெல்ட் செயல்படும் விதம்

பெல்ட் முதுகைத் தாங்கிப் பிடிக்கிறது என்பது பரவலான எண்ணம். உண்மையில் பெல்ட்டின் முக்கிய வேலை முதுகுப்புறத்தில் அல்ல, வயிற்றுப்புறத்தில் நடக்கிறது.

மூச்சை ஆழமாக உள்ளிழுக்கும்போது நுரையீரலுக்குக் கீழே உள்ள உதரவிதானம் கீழிறங்குகிறது. அப்படியே மூச்சை அடக்கி வயிற்றுத் தசைகளை இறுக்கினால், வயிற்றறைக்குள் அழுத்தம் உயர்கிறது. இந்த உள்ளழுத்தம் முதுகெலும்பின் முன்புறத்தில் ஒரு தாங்கலாக நின்று, உடல் முன்னோக்கி மடங்காமல் காக்க உதவுகிறது. பெல்ட் அணிந்திருந்தால், வெளியே தள்ளும் வயிற்றுத் தசைகளுக்கு எதிராக ஒரு கெட்டியான சுவர் கிடைக்கிறது. அதனால் உள்ளழுத்தம் மேலும் உயர்கிறது.

இதை மிதிவண்டிச் சக்கரத்தோடு ஒப்பிட்டுப் புரிந்துகொள்ளலாம். காற்றடித்த டியூப் தனியாக இருந்தால் பக்கங்களில் புடைக்கும். டயருக்குள் இருக்கும்போதுதான் ஆளைச் சுமக்கும். பெல்ட் டயரைப் போன்றது; மூச்சு காற்றைப் போன்றது. டியூபில் காற்று இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல டயரும் பயன்படாது. அதுபோலவே மூச்சடக்கி வயிற்றை இறுக்கத் தெரியாதவருக்கு விலை உயர்ந்த பெல்ட்டாலும் பெரிய பயன் இல்லை.

ஆய்வுகளும் இதை ஒட்டியே உள்ளன. 1989ஆம் ஆண்டு வெளியான ஹார்மன் குழுவினரின் ஆய்வில், டெட்லிஃப்ட் செய்தவர்களின் வயிற்று உள்ளழுத்தம் பெல்ட் இல்லாதபோது இருந்ததைவிட பெல்ட்டுடன் அதிகமாக இருந்தது. 2001ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வில், கனமான எடையுடன் ஸ்குவாட் செய்தவர்கள் பெல்ட் அணிந்தபோது சற்று வேகமாக அசைவை முடித்தனர். அளவிடப்பட்ட தசைகளின் செயல்பாட்டில் பெரிய மாற்றம் தென்படவில்லை.

பெல்ட்டால் ஆகாதவை

பெல்ட் காயத்தைத் தடுக்கும் கவசம் அல்ல. முதுகு வளைந்த நிலையில் எடையைத் தூக்குபவர் பெல்ட் அணிந்தாலும் முதுகு வளைந்தே இருக்கும். பெல்ட் தரும் துணிச்சலில் தகுதிக்கு மீறிய எடையை ஏற்றுவது ஆபத்தைக் கூட்டுகிறது.

கிடங்குகளிலும் கடைகளிலும் மூட்டை தூக்குவோர் அணியும் மீள்தன்மை கொண்ட முதுகுப் பட்டைகளைப் பற்றி, அமெரிக்காவின் தேசிய தொழில்சார் பாதுகாப்பு மற்றும் சுகாதார நிறுவனம் 1994இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. காயமடையாத தொழிலாளர்கள் முதுகுக் காயத்தைத் தவிர்ப்பதற்காக இவற்றை அணிவதை அது பரிந்துரைக்கவில்லை. அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சில்லறை விற்பனைக் கடை ஊழியர்களிடம் நடத்தி 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்விலும், பட்டை அணிந்தவர்களுக்கு முதுகுக் காயமோ முதுகுவலியோ குறைந்ததாகத் தெரியவில்லை. அந்தப் பட்டைகளும் பளுதூக்கும் பெல்ட்டும் ஒன்றல்ல. இணையக் கடைகளில் இரண்டும் ஒரே பக்கத்தில் விற்கப்படுவதால், வாங்குபவர் வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும். கையால் இழுத்தால் நீளும் பட்டை எதுவும் பளுதூக்கும் பெல்ட் ஆகாது.

முதுகுவலி ஏற்கெனவே உள்ளவர் வலியை மறைக்க பெல்ட் வாங்கக் கூடாது. வலியின் காரணத்தை மருத்துவர் அல்லது இயன்முறை மருத்துவர் மூலம் அறிந்த பிறகே எடைப் பயிற்சியைத் தொடர வேண்டும்.

யாருக்கு, எப்போது தேவை

பயிற்சியைத் தொடங்கிய முதல் சில மாதங்களில் பெல்ட் தேவைப்படுவதில்லை. அந்தக் காலத்தில் எடை குறைவாக இருக்கும். அசைவைச் சரியாகக் கற்பதும், மூச்சடக்கி வயிற்றை இறுக்கப் பழகுவதுமே முதன்மையானவை.

ஒருவர் ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய உச்ச எடையில் சுமார் 80 விழுக்காட்டுக்கு மேல் செல்லும்போது பெல்ட் அணிவது பயிற்சியாளர்களிடையே பொதுவான வழக்கம். உச்ச எடை 100 கிலோ என்றால், 80 கிலோவுக்குக் கீழே பெல்ட் இல்லாமலும் அதற்கு மேல் பெல்ட்டுடனும் தூக்கலாம். ஸ்குவாட், டெட்லிஃப்ட், நின்றபடி தலைக்கு மேல் தூக்குதல் ஆகியவற்றிலேயே பெல்ட் அதிகம் பயன்படுகிறது. கைத்தசைப் பயிற்சிக்கும், இயந்திரத்தில் அமர்ந்து செய்யும் பயிற்சிகளுக்கும் அது தேவையில்லை. உடற்பயிற்சிக் கூடத்தில் நுழைந்தது முதல் வெளியேறும் வரை பெல்ட்டைக் கழற்றாதவர், பெல்ட் இல்லாமல் உடலை இறுக்கிப் பழகும் வாய்ப்பை இழக்கிறார்.

அகலம்

கடைகளில் கிடைக்கும் பெல்ட்டுகளை அகல அமைப்பின்படி மூன்றாகப் பிரிக்கலாம்.

• சுற்றிலும் 10 செ.மீ. (4 அங்குலம்) அகலம் உள்ளவை: வயிறு, பக்கங்கள், முதுகு எங்கும் ஒரே அளவில் அழுத்தம் கிடைக்கும். வலுதூக்குதலுக்கு இதுவே வழக்கமானது.

• சுற்றிலும் 7.5 செ.மீ. (3 அங்குலம்) அகலம் உள்ளவை: உடலின் நடுப்பகுதி குட்டையாக இருப்பவர்களுக்கும், 10 செ.மீ. பெல்ட் விலாவில் இடிப்பவர்களுக்கும் ஏற்றது. டெட்லிஃப்ட்டுக்கு மட்டும் இதை அணிவோரும் உண்டு.

• முதுகில் அகலமாகவும் வயிற்றில் குறுகலாகவும் உள்ளவை: குனிந்து நிமிர வசதியானவை. ஆனால் அழுத்தம் அதிகம் தேவைப்படும் முன்புறத்தில் பரப்பு குறைவு. வலுதூக்குதலைவிட ஒலிம்பிக் பளுதூக்குதலுக்கும் பொதுவான உடற்பயிற்சிக்கும் இவை பொருந்தும்.

ஆண், பெண் என்பதோ மொத்த உயரமோ அகலத்தைத் தீர்மானிப்பதில்லை. நீண்ட கால்களும் குட்டையான நடுவுடலும் கொண்ட உயரமானவருக்கு 7.5 செ.மீ. பொருந்தலாம், நடுவுடல் நீண்ட குள்ளமானவருக்கு 10 செ.மீ. சரியாக இருக்கலாம்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். கெட்டியான அட்டையை 10 செ.மீ. அகலத்தில் வெட்டி, தொப்புளை ஒட்டி வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டு முழுமையாக உட்கார்ந்து எழ வேண்டும். பிறகு தரையிலுள்ள கம்பியைப் பிடிப்பதுபோல் குனிய வேண்டும். அட்டையின் மேல்விளிம்பு விலாவிலோ கீழ்விளிம்பு இடுப்பெலும்பிலோ வலிக்கும்படி குத்தினால், 7.5 செ.மீ. அட்டையில் மறுபடி பார்க்க வேண்டும்.

தடிமனும் மூலப்பொருளும்

தோல் பெல்ட்டுகளில் 10 மி.மீ., 13 மி.மீ. ஆகிய இரு தடிமன்கள் பரவலானவை. 13 மி.மீ. பெல்ட் மிகவும் விறைப்பானது. மிக அதிக எடை தூக்கும் வலுதூக்குநர்கள் இதை விரும்புகின்றனர். பெரும்பாலானோருக்கு 10 மி.மீ. போதுமானது, உடலோடு படிய எடுத்துக்கொள்ளும் காலமும் குறைவு. புதிய தோல் பெல்ட் முதல் சில வாரங்களில் விலாவோரம் தோலைக் கன்றச் செய்வதுண்டு. அதைச் சுருட்டி விரித்துப் பழக்கினால் விறைப்பு தணியும்.

நைலான் பெல்ட் மெல்லியது, இலேசானது, விலையும் பெரும்பாலும் குறைவு. உடலோடு எளிதில் வளைவதால் வேகமான அசைவுகள் கொண்ட பயிற்சிகளுக்கு வசதியானது. ஆனால் தடித்த தோல் அளவுக்கு அது எதிர்த்து நிற்பதில்லை.

பூட்டும் முறை

பக்கிள் முறை: சாதாரண இடுப்பு பெல்ட்டைப் போல துளையில் முள்ளைச் செருகுவது. ஒற்றை முள், இரட்டை முள் என இரு வகை உண்டு. ஒற்றை முள்ளை மாட்டுவதும் கழற்றுவதும் எளிது. உடல் எடை கூடிக் குறைபவர்களுக்கும், ஒரே பெல்ட்டைப் பலர் பயன்படுத்தும் கூடங்களுக்கும் பக்கிள் ஏற்றது. துளைகளுக்கு இடையே பெரும்பாலும் 2.5 செ.மீ. இடைவெளி இருப்பதால், ஒரு துளை தளர்வாகவும் அடுத்தது இறுக்கமாகவும் அமையக்கூடும்.

லீவர் முறை: உலோக நெம்புகோலை மடக்கினால் பெல்ட் ஒரே இழுப்பில் இறுகும், திருப்பினால் உடனே விடுபடும். ஒவ்வொரு முறையும் இறுக்கம் மாறாமல் இருக்கும். ஆனால் சாதாரண லீவரில் அளவை மாற்ற திருகுகளைக் கழற்றி மாட்ட வேண்டும். ஸ்குவாட்டுக்கு ஓர் இறுக்கமும் டெட்லிஃப்ட்டுக்கு வேறு இறுக்கமும் விரும்புபவருக்கு இது சிரமம்.

வெல்க்ரோ முறை: நைலான் பெல்ட்டுகளில் காணப்படுவது. எந்த அளவிலும் நிறுத்தலாம். நாளடைவில் பஞ்சும் தூசியும் படிந்து பிடிப்பு குறையும்; கனமான தூக்கலின் நடுவே பிரிந்துவிடும் அபாயமும் உண்டு.

அளவெடுத்தல்

அளவைத் தவறாகத் தேர்ந்தெடுப்பதற்கு முக்கியக் காரணம், கால்சட்டை அளவைக் கொண்டு பெல்ட் வாங்குவது. கால்சட்டை தொப்புளுக்குக் கீழே நிற்பது. பளுதூக்கும் பெல்ட் தொப்புளை ஒட்டி நிற்பது. 32 அங்குலக் கால்சட்டை அணிபவருக்குத் தொப்புள் மட்டத்தில் 34 அல்லது 35 அங்குலம் இருக்கலாம்.

தையற்கடை டேப்பைத் தொப்புள் மட்டத்தில் சுற்றி, வயிற்றை உள்ளிழுக்காமல் இயல்பாக நின்று அளக்க வேண்டும். பயிற்சியின்போது அணியும் சட்டையுடனே அளப்பது நல்லது. கிடைக்கும் அளவு பெல்ட்டின் நடுத்துளைக்கு அருகே அமைய வேண்டும். எடை கூடினாலும் குறைந்தாலும் இரு பக்கமும் சில துளைகள் மிச்சம் இருக்கும். முதல் துளையிலோ கடைசித் துளையிலோதான் பொருந்துகிறது என்றால் அளவு தவறு. எஸ், எம், எல் என்ற குறிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுவதால், செ.மீ. அல்லது அங்குல அட்டவணையைப் பார்த்தே வாங்க வேண்டும்.

விளையாட்டுக்கு ஏற்ற தேர்வும் விதிகளும்

ஒலிம்பிக் பளுதூக்குதலில் ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் ஆகிய இரண்டிலும் கம்பி உடலை ஒட்டி மேலே செல்கிறது. தடித்த பெல்ட்டும் துருத்திய பக்கிளும் கம்பியின் பாதையில் குறுக்கிடலாம். எனவே மெல்லிய, முன்புறம் குறுகிய பெல்ட் விரும்பப்படுகிறது. சிலர் ஸ்னாட்ச்சுக்கு பெல்ட் அணிவதே இல்லை. சர்வதேச பளுதூக்குதல் கூட்டமைப்பின் விதிப்படி பெல்ட்டின் அகலம் 12 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது.

வலுதூக்குதலில் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் ஆகிய மூன்றும் உண்டு. சர்வதேச வலுதூக்குதல் கூட்டமைப்பின் விதிப்படி பெல்ட்டின் அகலம் 10 செ.மீ.க்கும், தடிமன் 13 மி.மீ.க்கும் மிகக் கூடாது. பஞ்சுத் திணிப்பு கொண்ட பெல்ட்டுக்கு அனுமதி இல்லை. இந்த இரு விளையாட்டுகளிலும் பெல்ட்டைப் போட்டி உடைக்கு மேலேயே அணிய வேண்டும். கல்லூரி, மாவட்டப் போட்டிகளுக்குத் தயாராகும் மாணவர்கள், பெல்ட் வாங்கும் முன் தங்கள் போட்டியை நடத்தும் சங்கத்தின் விதிகளைக் கேட்டறிந்தால் வீண் செலவைத் தவிர்க்கலாம்.

அணியும் முறை

பெல்ட் பொதுவாக விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் இடையே, தொப்புளை மூடியபடி அமைகிறது. டெட்லிஃப்ட்டில் குனியும்போது இடிக்காமல் இருக்கச் சிலர் சற்று மேலே ஏற்றி அணிகின்றனர். வயிறு தளர்ந்த நிலையில் பெல்ட்டுக்குள் ஒரு விரல் சிரமத்துடன் நுழையும் அளவு இறுக்கம் தொடக்கத்துக்குப் போதும். மூச்சை முழுமையாக இழுக்க முடியாத அளவு இறுக்கினால் பெல்ட்டின் நோக்கமே கெடும்.

பூட்டிய பின், மூச்சை மார்பை உயர்த்தி அல்ல, வயிற்றுக்குள் இழுக்க வேண்டும். வயிறும் பக்கங்களும் முதுகும் பெல்ட்டை எல்லாத் திசையிலும் தள்ளுவதை உணர வேண்டும். வயிற்றை உள்ளிழுத்து, மெலிந்த இடையில் பெல்ட்டைக் கட்டுவது பலரிடம் காணப்படும் பிழை. ஒவ்வொரு செட் முடிந்ததும் பெல்ட்டைத் தளர்த்தி இயல்பாக மூச்சுவிட வேண்டும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்

மூச்சடக்கிக் கனமான எடையைத் தூக்கும்போது இரத்த அழுத்தம் சிறிது நேரம் மிகவும் உயர்கிறது. 1985ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், இரு கால்களாலும் எடையைத் தள்ளிய உடற்கட்டு வீரர்களின் இரத்த அழுத்தம் சராசரியாக 320/250 வரை சென்றது. உடல்நலம் உள்ளவர்களிடம் இது விரைவில் தணிந்துவிடும். உயர் இரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம், கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்களும், அண்மையில் வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும், கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கேட்காமல் பெல்ட் அணிந்து கனமான எடை தூக்கக் கூடாது. தூக்கும்போது தலைச்சுற்றல், மார்புவலி, பார்வை மங்குதல் ஏற்பட்டால் உடனே நிறுத்தி மருத்துவ உதவி பெற வேண்டும்.

வாங்கும்போதும் வாங்கிய பின்னும்

தோல் பெல்ட்டின் விளிம்பைப் பார்த்தால் அது ஒரே தோலா, பல அடுக்குகள் ஒட்டப்பட்டதா என்பது தெரியும். அடுக்குகள் இருப்பது குறையல்ல. விளிம்பில் பிளவு தெரிந்தால்தான் குறை. தையல் சீராக இருக்கிறதா, துளைகளின் ஓரம் பிசிறின்றி இருக்கிறதா, பக்கிளைப் பிடிக்கும் ஆணிகள் ஆடாமல் இருக்கின்றனவா என்பவற்றையும் சரிபார்க்க வேண்டும்.

வியர்வை தோலுக்குப் பகை. பயிற்சி முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட வைக்க வேண்டும். நேரடி வெயிலில் காய வைத்தால் தோல் வெடிக்கும். ஈரத்தோடு பையில் அடைத்தால் பூஞ்சை படியும். மடித்து வைக்காமல், தட்டையாகவோ தளர்வாகச் சுருட்டியோ வைக்க வேண்டும். நன்கு பேணப்படும் தோல் பெல்ட் பல ஆண்டுகள் உழைக்கும்.