நியாயஸ்தலத்தின் முதல் வாசல்

கோவில்பட்டி என்றதும் கரிசல் பருத்தியும் தீப்பெட்டியும் கடலை மிட்டாயும் நேயர்களின் நினைவுக்கு வரும். 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவ்வூரின் பெயர் தேசமெங்கும் வேறொரு காரணத்தால் பேசப்பட்டது. அங்குள்ள கிளைச் சிறையில் அடைக்கப்பட்ட தந்தையும் மகனும் சில மணி நேர இடைவெளியில் அடுத்தடுத்து மாண்டார்கள்.

ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் சுமார் நூறு கிலோமீட்டர் தெற்கே, சாத்தான்குளத்தில் கைப்பேசிக் கடை நடத்தி வந்தவர்கள். ஊரடங்கு நேரம் கடந்தும் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பதே விவகாரத்தின் ஆரம்பம். ஜூன் 19-ஆம் தேதி போலீஸார் அவர்களைப் பிடித்தார்கள். மறுநாள் உள்ளூர் மாஜிஸ்திரேட் அவர்களைக் காவலில் வைக்க உத்தரவிட்டார். 22-ஆம் தேதி இரவு மகனும், விடிவதற்குள் தந்தையும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் உயிர் நீத்தார்கள்.

பிடிபட்டவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டுமென்று நமது அரசியல் சாசனத்தின் 22-வது பிரிவு விதிக்கிறது. இது வெறும் சடங்கன்று. போலீஸாரைச் சேராத ஒருவர் அந்த மனிதரை நேரில் பார்த்து, "உம்மை யாரேனும் அடித்தார்களா? வீட்டாருக்குச் செய்தி போயிற்றா? வக்கீல் உண்டா?" என்று கேட்கும் சந்தர்ப்பம் அது. மேலும், ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் காவலின் அவசியத்தை மாஜிஸ்திரேட் ஆராய்ந்து காரணம் எழுத வேண்டுமென்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கூறியிருந்தது. சாத்தான்குளத்திலோ, மாஜிஸ்திரேட் மாடியில் நின்றபடியே உத்தரவிட்டார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. முதல் வாசலில் கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்படாவிட்டால் பின்னால் எத்தனை கோர்ட்டுகள் இருந்து என்ன பயன்?

ஆனால், கேள்வி கேட்ட மாஜிஸ்திரேட்டையும் இதே வழக்கில் கண்டோம். மரணங்களை விசாரித்த கோவில்பட்டி மாஜிஸ்திரேட் பாரதிதாசன் சாத்தான்குளம் போலீஸ் நிலையத்துக்கே சென்றார். அங்கு தமக்கு ஒத்துழைப்புக் கிடைக்கவில்லை என்பதையும், காமிராப் பதிவுகள் நாள்தோறும் அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததையும் உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். இரவெல்லாம் அடித்தார்கள் என்று ஒரு பெண் தலைமைக் காவலர் அவரிடம் சாட்சி சொன்னார். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்நிலையத்தை வருவாய்த் துறையின் பொறுப்பில் ஒப்படைக்கச் செய்தது. வழக்கு சி.பி.ஐ.யின் கைக்குப் போயிற்று. செப்டம்பரில் ஒன்பது போலீஸார் மீது குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று.

இது ஓர் ஊரின் சங்கதி மட்டுமன்று. 2022-ஆம் ஆண்டின் முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் தீர்ப்புப் பெறாத விசாரணைக் கைதிகள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு கூறுகிறது. நால்வரில் மூவர்! இவர்கள் ஒவ்வொருவரும் அந்த முதல் வாசலைக் கடந்து உள்ளே போனவர்களே.

ஆகவே, நம் குடும்பங்களில் எல்லோரும் அறிய வேண்டியது இது: பிடிபட்டவருக்குக் காரணம் அறியவும் வக்கீலை வைத்துக் கொள்ளவும் உரிமை உண்டு. ஏழைக்குச் சட்டப் பணிகள் குழு இலவசமாக வக்கீலை அமர்த்தித் தரும். உடம்பில் காயமிருந்தால் மாஜிஸ்திரேட்டிடம் அங்கேயே சொல்லலாம். அதைக் காது கொடுத்துக் கேட்க ஐந்து நிமிஷம் போதும். அந்த ஐந்து நிமிஷத்தை எந்த மாஜிஸ்திரேட்டும் மிச்சம் பிடிக்கலாகாது.