தொழில் தெரிவும் மனவியல்பும்

பட்டம் பெற்ற மாணாக்கன் எத்தொழிலை மேற்கொள்ளுதல் தக்கது என்பதைப் பெரும்பாலும் மதிப்பெண்ணும் சுற்றத்தார் விருப்பமுமே முடிவு செய்கின்றன. உளநூலார் இதனை வேறு வகையால் ஆராய்வர்.

1909-இல் வெளிவந்த நூலில் அமெரிக்க அறிஞர் பிராங்க் பார்சன்ஸ், தன்னை அறிதல், தொழிலை அறிதல், இரண்டனையும் பொருத்திப் பார்த்தல் என மூன்று படிகளை வகுத்தார். பின்னர் ஜான் ஹாலண்டு என்பார் 1959-இல் மாந்தர் இயல்பையும் தொழிற்சூழலையும் கைவினை, ஆராய்ச்சி, கலை, தொண்டு, வினைத்தலைமை, ஒழுங்கு என்னும் அறுவகையுள் அடக்கினார். இயல்பும் சூழலும் ஒத்தவழி ஊக்கம் பிறக்கும். ஒவ்வாவழிச் சோர்வு தோன்றும் என்பது அவர் கொள்கை.

இதற்கு நாமக்கல் நாட்டிலேயே சான்றுண்டு. 1888-இல் மோகனூரிற் பிறந்த வெ. இராமலிங்கம் பிள்ளை தாலுகாக் கச்சேரியில் எழுத்தராகவும், தொடக்கப்பள்ளி ஆசிரியராகவும் சிலகாலம் இருந்தார். கச்சேரி வேலை ஒழுங்கு வகையினது. அவருள்ளமோ கலை வகையினது. ஆகவே ஓவியராயினார், பின்னர்க் கவிஞராயினார். 1930-இல் வேதாரணியத்திற்கு உப்பெடுக்கச் சென்ற தொண்டர்க்கு நடைப்பாட்டு இயற்றினார். 1949-இல் சென்னை அரசின் அவைக்களப் புலவரானார்.

ஆயினும் இக்கொள்கைகள் தெரிவுரிமை உடையார்க்கே முற்றும் பொருந்தும். தந்தையின் கடனை அடைக்கத் தறிக்குழியிலோ, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையிலோ புகும் இளைஞன் தன் இயல்பை யாரிடம் உரைப்பான்? அவனுக்கு ஆறுதலாவது, 1957-இல் டொனால்டு சூப்பர் நிறுவிய கருத்தேயாம்: தொழில் தெரிவு ஒருநாட் செயலன்று, வாழ்நாள் முழுதும் வளர்வது. முதல் வேலை முடிந்த முடிபன்று. எழுத்தர் நாற்காலி நாமக்கல் கவிஞருக்கு முடிவாகவில்லையன்றோ?