பிரிஸ்பேன் செல்லும் தன்பாலின ஈர்ப்பாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

"நானும் என் தோழியும் பிரிஸ்பேன் போகப் போகிறோம். ஒரே கட்டில் உள்ள அறை கேட்டால் ஹோட்டலில் ஏதாவது சொல்வார்களா?" தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது தலைநகரில் வேலை செய்யும் பெண் ஒருவர் அண்மையில் என்னிடம் இப்படிக் கேட்டார். தோழி என்று அவர் சொன்னது தம் வாழ்க்கைத் துணையை. வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது. பெயர் போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்பதே பதில். பிரிஸ்பேன், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத் தலைநகரம். ஒருவர் யாரை விரும்புகிறார் என்பதைக் காரணம் காட்டி அறை தர மறுப்பது அங்கே சட்டவிரோதம். 2017 அஞ்சல் வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் 61.6 விழுக்காட்டினர் ஆதரவு தெரிவித்ததைத் தொடர்ந்து, அதே ஆண்டு டிசம்பர் 9 முதல் ஒருபால் திருமணமும் நடப்புக்கு வந்தது.

ஆனால் அந்த ஊர் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1899ல் எழுதப்பட்ட குவீன்ஸ்லாந்து குற்றவியல் சட்டம், ஆண்களுக்கு இடையிலான உறவுக்கு 14 ஆண்டு வரை சிறை விதித்தது. 1985ல் மதுபானச் சட்டத்தைத் திருத்தி, 'பிறழ்ந்தவர்களுக்கு' மது விற்பதையும் அவர்களைக் கடையில் இருக்க விடுவதையும் தடை செய்தார்கள். பிரிஸ்பேனின் பிரைட் விழா 1990ல் தொடங்கியபோதும் பழைய சட்டம் நடப்பில்தான் இருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் சட்டத்திருத்தம் நிறைவேறி, 1991 ஜனவரியில் அமலுக்கு வந்தது. பழைய சட்டத்தால் தண்டிக்கப்பட்டவர்களிடம் மாநில நாடாளுமன்றம் 2017ல் மன்னிப்புக் கேட்டது. அவர்களுடைய குற்றப்பதிவை நீக்கவும் அதே ஆண்டு வழி செய்யப்பட்டது. அங்கே உங்கள் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் அறுபது வயதுக்காரர், தம் இளமையை ஒளிந்தே கழித்தவராக இருக்கலாம்.

எங்கே போகலாம்? ஃபார்டிடியூட் வேலி வட்டாரத்தில் 'தி விக்கம்' என்ற மதுக்கூடம் இருக்கிறது. 1885ல் கட்டப்பட்ட பாரம்பரியக் கட்டடம் அது. ஸ்பிரிங் ஹில்லில் உள்ள 'ஸ்போர்ட்ஸ்மன்' ஹோட்டலும் நெடுநாளாக இச்சமூகத்தினர் கூடும் இடம். மதுக்கூடம் பிடிக்காதவர்கள் ஆற்றுப் பக்கம் போகலாம். சிட்டிகேட் படகில் ஏறினால் ஸ்டோரி பாலத்தின் அடியில் புகுந்து நியூ ஃபார்ம் பூங்காவில் இறங்கலாம். கட்டணம் 50 காசுதான். பூங்காவை ஒட்டியுள்ள பழைய மின்நிலையம் இன்று 'பிரிஸ்பேன் பவர்ஹவுஸ்' கலை அரங்கம். 'மெல்ட்' எனும் கலைவிழா 2015ல் இங்கேதான் தொடங்கியது. பிரைட் விழா வழக்கமாகச் செப்டம்பரில் நடக்கும். அப்போது வெயிலும் கடுமையாக இருக்காது.

மலேசிய, சிங்கப்பூர் கடப்பிதழ் வைத்திருப்போர் 'இடிஏ' மின்-பயண அனுமதிக்குக் கைப்பேசிச் செயலியிலேயே விண்ணப்பிக்கலாம். சேவைக் கட்டணம் 20 ஆஸ்திரேலிய வெள்ளி. ஒவ்வொரு முறையும் மூன்று மாதம் வரை தங்கலாம்.

சட்டம் துணை நிற்கிறது என்பதற்காக எல்லாரும் அன்பாகவே இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. வார இறுதி நள்ளிரவில் வேலி வட்டாரத்தில் குடிபோதையில் திரிபவர்கள் உண்டு. தனியாக நடக்காமல் வாடகைக் காரில் அறைக்குத் திரும்புவது நல்லது. அவசர எண் 000. குவீன்ஸ்லாந்து காவல்துறையில் இச்சமூகத்தினருக்கென்றே தொடர்பு அதிகாரிகள் இருக்கிறார்கள்.

நம்மவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. அங்கே தமிழர்கள் இருக்கிறார்கள். நகருக்குத் தெற்கே சவுத் மக்லீனில் செல்வ விநாயகர் கோயிலும் இருக்கிறது. சாமி கும்பிடப் போன இடத்தில் அத்தை மகனைச் சந்திக்க நேரலாம். யாரிடம் எதைச் சொல்வது என்பதை இருவரும் புறப்படும் முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது. அங்கே போய்த் திகைத்து நின்றால் மனம் நோவது துணைக்குத்தான்.

கடைசியாக, திரும்பி வரும் பயணம். வெளிநாட்டவரும் அங்கே திருமணம் செய்துகொள்ளலாம். அதற்கு ஒரு மாதம் முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஆனால் அந்தத் திருமணம் மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ செல்லாது. சிங்கப்பூர் 377ஏ பிரிவை நீக்கியது 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. மலேசியாவிலோ தண்டனைச் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்க அவை இடம் தருகின்றன. எனவே படங்களைப் பொதுவில் பகிரும் முன் ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள். துணையின் முகம் தெரியும் படமாக இருந்தால் அவர் சம்மதத்தையும் கேளுங்கள்.

இவற்றையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அங்கே ரோட்டில் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம்தானே?" என்றார்.

நடக்கலாம். ஆற்றங்கரை நெடுக நடைபாதை இருக்கிறது.