குடல்வால் அழற்சி: இனத்துக்கு இனம் மாறும் கணக்கு

குழந்தைகளுக்கு வரும் குடல்வால் அழற்சி எல்லா இனத்தவரிடமும் ஒரே அளவில் காணப்படுவதில்லை. அந்த அளவும் ஓரிரு தலைமுறைக்குள் மாறிவிடுகிறது. பெருங்குடலின் தொடக்கத்தில் புழுப்போலத் தொங்கும் சிறு குழாய் அடைபட்டு, உள்ளே கிருமி பெருகி வீங்குவதே இந்நோய். 10 முதல் 19 வயதில்தான் இது மிகுதி.

உகாண்டாவில் அறுவை மருத்துவராக இருந்த டெனிஸ் பர்கிட், ஐரோப்பாவில் சர்வசாதாரணமான இந்நோய் ஆப்பிரிக்கக் கிராமங்களில் அபூர்வமாக இருப்பதைக் கவனித்தார். நார்ச்சத்து மிகுந்த உணவால் மலம் இறுகுவதில்லை, அதனால் குடல்வால் அடைபடுவதில்லை என்று 1971இல் எழுதினார். தென்னாப்பிரிக்கப் பள்ளி மாணவர்களை ஆராய்ந்த ஏ.ஆர்.பி. வாக்கரும், குடல்வால் அகற்றப்பட்டவர்கள் வெள்ளையரிடம் மிக அதிகம், கறுப்பினத்தவரிடம் மிகச் சொற்பம் என்று கண்டார். இந்திய வம்சாவளியினர் இடையில் இருந்தனர். ஆனால் இது அறுவை சிகிச்சை பெற்றவர்களின் கணக்கு. மருத்துவமனை எட்டாத குழந்தை இதில் இடம்பெறாது.

நார்ச்சத்துக் குறைவு மட்டுமே காரணம் என்றால், பிரிட்டனில் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நோய் குறைந்ததை விளக்க முடியவில்லை. குழாய்நீரும் சுகாதாரமும் வந்ததால் சிறுவயதில் தொற்றுகள் குறைந்து, பின்னர் வரும் தொற்றுக்குக் குடல்வால் கடுமையாக வீங்கியிருக்கலாம் என்றார் பிரிட்டிஷ் நோய்ப்பரவல் ஆய்வாளர் டேவிட் பார்க்கர். சுகாதாரம் முழுமையானதும் அந்தத் தொற்றுகளும் குறைந்தன என்பது அவர் வாதம். இதுவும் முடிந்த முடிவல்ல.

அமெரிக்காவில் 1979–84இல் வெள்ளையரிடம் இந்நோய் மற்றவர்களைவிட ஒன்றரை மடங்கு இருந்தது. 1993க்கும் 2008க்கும் இடையே வெள்ளையரிடமும் கறுப்பினத்தவரிடமும் குறைந்தது. ஹிஸ்பானிக், ஆசிய, பூர்வகுடி மக்களிடம் கூடியது. பதினைந்தே ஆண்டுகளில் மரபணு மாறிவிடாது. மாறியது வாழ்க்கைச் சூழல் என்று கொள்வதே பொருத்தம்.

நோய் வருவது ஒன்று, முற்றுவது வேறு. தொப்புளைச் சுற்றித் தொடங்கும் வலி சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கும். குழந்தை காலை மடக்கிச் சுருண்டு படுக்கும், குதிக்கச் சொன்னால் மறுக்கும். அப்போதே மருத்துவரிடம் போகாவிட்டால் குடல்வால் வெடித்து வயிற்றுக்குள் சீழ் பரவக்கூடும். அமெரிக்காவில் இந்நோய் குறைவாக வரும் கறுப்பினக் குழந்தைகளே வெடித்த நிலையில் அதிகமாக வந்து சேர்கின்றனர். காப்பீடும் அருகில் மருத்துவரும் இல்லாத குடும்பங்களில் தாமதம் கூடுகிறது. மருத்துவமனையை அடைந்த பிறகும் பாகுபாடு தொடர்ந்தது என்பதுதான் வேதனை: 2003–2010 அவசர சிகிச்சைப் பதிவுகளை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வில், கடும் வலியோடு வந்த கறுப்பினக் குழந்தைகளுக்கு ஓபியாய்டு வகை வலிநீக்கி கிடைக்கும் வாய்ப்பு, அதே வலியோடு வந்த வெள்ளையினக் குழந்தைகளைவிட மிகக் குறைவாக இருந்தது.