பேரேட்டில் ஏறும் வரை

புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் கிருஷ்ணமூர்த்தி - டோரதி தம்பதியர் தம் உழைப்பால் உருவாக்கிய ஞானாலயா ஆய்வு நூலகத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் இருக்கின்றன. அவற்றுள் கிடைத்தற்கரிய முதற்பதிப்புகள் பல. அத்தகைய நூலகத்துப் பழைய நூலொன்றின் பக்கங்களை, ஆறங்குல அகலமும் ஒன்பதங்குல உயரமும் கொண்டவையென்று வைத்துக்கொண்டு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வர்ணத்தில், சுருக்காமல் படமெடுத்தால், பக்கமொன்றுக்குச் சுமார் 15 மெகாபைட் ஆகும். முந்நூறு பக்க நூல் நான்கு ஜிபியைத் தாண்டிவிடும். இதைப் பென் டிரைவுக்கு நகலெடுக்கும்போது, திரையில் நகரும் கோடு முதலில் பாய்ந்தோடி, பிறகு தயங்கி, முடியப்போகிற தறுவாயில் அசையாமல் நின்றுவிடுவதைக் காண்கிறோம். யந்திரம் பழுதோ, பென் டிரைவ் போலியோ என்று சந்தேகிக்கிறோம். பெரும்பாலும் இரண்டுமல்ல, வட்டில் எதை எங்கே, எந்த வரிசையில் எழுதுவது என்று நிர்வகிக்கிற கோப்பு முறைமையின் எழுதும் விதமே இதற்குக் காரணம்.

நகலெடுக்கும் நிரல் ‘எழுதினேன்’ என்று சொல்லும் கணத்தில், உண்மையில் எழுத்து வட்டைத் தொட்டிருப்பதில்லை. அது கணினியின் நினைவகத்தில் மட்டுமே போய் அமர்ந்திருக்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் வழக்கமான அமைப்பில், இப்படித் தேங்கிய எழுத்து, பயன்படுத்தக்கூடிய நினைவகத்தில் பத்தில் ஒரு பங்கானதும், அல்லது முப்பது விநாடி பழையதானதும், பின்னணியில் வட்டுக்கு அனுப்பப்படத் தொடங்குகிறது. ஐந்தில் ஒரு பங்கை எட்டிவிட்டாலோ, எழுதுகிற நிரலே காத்திருக்கும்படி தடுத்து நிறுத்தப்படுகிறது. ஆரம்பத்தில் நாம் கண்டு மகிழ்ந்த வேகம் நினைவகத்தின் வேகம். பிற்பாடு நமக்குச் சலிப்பூட்டுவதுதான் வட்டின் மெய்யான வேகம்.

இதனினும் நுட்பமான விஷயம் ஒன்று உண்டு. இராயவரம், அரிமளம் போன்ற ஊர்களிலிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சென்று வட்டிக்கடை நடத்திய நகரத்தார், அன்றாட வரவு செலவை முதலில் சிட்டையில் எழுதி, பிறகுதான் பேரேட்டில் ஏற்றினார்கள். பேரேட்டில் ஏற்றுகிறபோது இடையில் வேலை தடைப்பட்டாலும், சிட்டையைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 1993-இல் வந்த, விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸும், 2001-இல் லினக்ஸில் சேர்ந்த எக்ஸ்ட்3-உம், 2008-இல் நிலைபெற்ற எக்ஸ்ட்4-உம் ஆகிய கோப்பு முறைமைகள் இதே முறையைத்தான் கைக்கொள்கின்றன. கோப்பின் பெயர், அளவு, அது இருக்குமிடம் ஆகிய விவரங்களில் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் பதிந்து, பிறகு உரிய இடத்தில் எழுதுவதால், நடுவே மின்சாரம் போனாலும் வட்டின் கணக்கு குலைவதில்லை. எக்ஸ்ட்4-இல், கோப்பின் உள்ளடக்கத்தையும் சேர்த்துக் குறிப்பேட்டில் எழுதும்படி ஏற்பாடு செய்துகொள்ளலாம். அப்போது ஒவ்வோர் எழுத்தும் இரு முறை எழுதப்படும். பாதுகாப்புக்கு வேகத்தில் விலை கொடுக்கிறோம். அந்த விலை நியாயமானது என்பதே என் அபிப்பிராயம்.

கோப்புதோறும் விவரங்களை எழுத வேண்டியிருப்பதால், இந்த விலை சிறு கோப்புகளிடத்தில்தான் பிரத்தியட்சமாகத் தெரிகிறது. நிமிஷத்துக்கு 5,400 முறை சுழலும் வட்டு ஒரு சுற்றுக்குச் சுமார் 11 மில்லி விநாடி எடுத்துக்கொள்கிறது. அதன் எழுதுமுனை ஓரிடம் விட்டு வேறிடம் போய், உரிய பகுதி சுழன்று வரும்வரை காத்திருப்பதென்றால், விநாடிக்கு அறுபது இடங்களுக்குமேல் போய்வர முடியாது. விநாடிக்கு நூறு மெகாபைட் எழுதவல்ல அந்த வட்டில், ஒரு ஜிபி கொண்ட ஒரே கோப்பு பத்து விநாடிகளில் முடிந்துவிடும். அதே ஒரு ஜிபியை நான்கு கிலோபைட் கோப்புகளாகச் சிதறடித்தால் 2,62,144 கோப்புகள். ஒவ்வொன்றுக்கும் முனை ஒரே முறை நகர்ந்தாலும் எழுபது நிமிஷங்களுக்கு மேலாகும். பல மாற்றங்களை ஒன்றுசேர்த்து எழுதுகிற யுக்தியால் கோப்பு முறைமை இதைப் பெரிதும் குறைக்கிறது. ஆயினும் அடியோடு போக்கிவிடுவதில்லை.

அந்த யுக்திகளில் ஒன்று, எங்கே எழுதுவது என்ற தீர்மானத்தையே ஒத்திப்போடுவது. எவ்வளவு வரப்போகிறதென்று தெரிந்த பிறகு இடம் ஒதுக்கினால், எக்ஸ்ட்4 128 மெகாபைட் வரை ஒரே தொடர்ச்சியாக ஒரு பதிவில் குறித்துவிடலாம். இதில் அபாயமும் இருந்தது. 2009-இல், யந்திரம் திடீரென நின்றுபோன சில சமயங்களில், புதிதாக எழுதப்பட்ட கோப்புகள் வெறும் பெயரோடு, உள்ளே ஒன்றுமில்லாமல் இருக்கக் கண்டு பயனர்கள் திகைத்தனர். அம்முறைமையை உருவாக்குவதில் முன்னின்ற தியோடர் ட்சோ, பழைய கோப்பின் இடத்தில் புதியது அமரும்போது உள்ளடக்கம் முன்னதாக வட்டுக்குப் போகும்படி மாற்றியமைத்தார்.

2011 முதல் தமிழக அரசு பள்ளி மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸும், சீ-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் அருகருகே இருந்தன. ஆலங்குடியிலோ அறந்தாங்கியிலோ ஒரு மாணவர், அறியாமலே, இரு வேறு எழுதும் முறைகளை ஒரே வட்டில் வைத்துப் பழகியிருப்பார். ஆனால் அவர் கையிலிருந்த பென் டிரைவ் பெரும்பாலும் மூன்றாவது வகையான ஃபேட்32. அதற்குக் குறிப்பேடே கிடையாது. நான்கு ஜிபிக்குக் குறைவான கோப்பையே அது ஏற்கும். மேலும் பென் டிரைவின் சில்லு, சிறு சிறு பக்கங்களாக எழுதினாலும், அழிப்பதென்றால் பெருந்தொகுதியாகவே அழிக்க முடியும். ஆகவே சின்னஞ்சிறு மாற்றத்துக்கும் சில சமயம் பெரும்பகுதியை வேறிடத்துக்குப் பெயர்த்தெழுத நேர்கிறது.

ஆகவே வாசகர்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கொண்டுபோக வேண்டியிருந்தால், முதலில் ஜிப் கோப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள். கட்டு நான்கு ஜிபியைத் தாண்டுமானால் பென் டிரைவை, பெருங்கோப்புகளையும் ஏற்கும் எக்ஸ்ஃபேட் முறைமைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் மாற்றும்போது அதிலுள்ளவை அழிந்துவிடுமாதலால் முன்னரே வேறிடத்தில் எடுத்து வையுங்கள். கோடு முழுமையாகிவிட்டது என்பதை நம்பி உடனே பிடுங்கிவிடாமல், ‘எஜெக்ட்’ கொடுத்து, எடுக்கலாம் என்று கணினி சொன்ன பிறகே பென் டிரைவைக் கையிலெடுங்கள்.