ஓர் ஒற்றன் போதாது

ஒற்றர் கதை என்றால் சிறுவர்க்கு உணவும் வேண்டா; உறக்கமும் வேண்டா. மாறுவேடம், மறைவிடம், பகைவர் கோட்டை என்று சொல்லத் தொடங்கினால் போதும், கண் இமைக்காமல் கேட்பர். இந்த ஆர்வத்தை அறிவியலுக்கு வாயிலாக்க ஓர் எளிய வழி உண்டு. ஓர் அறைக்குள் ஆள் நடமாடினால் உணர்ந்து ஒலிக்கும் மின்னணுக் கருவியைச் சிறுவரே அமைக்க வேண்டும். பிறகு அவர்களே அதனை ஏமாற்ற முயல வேண்டும். நம் வளாகத்து ஆசிரியர் குடியிருப்பில் வாழும் சிறுவர் எண்மருடன் கோடை விடுமுறையில் நான் ஆடிவரும் ஆட்டம் இது. ஐவர் தமிழ்க் குழந்தைகள்; மூவர் இந்தி பேசுவோர். ஆட்டத்திற்கு மொழி தடையாக இருந்ததே இல்லை.

கருவியை அமைக்கும் முறையை இக்கட்டுரையில் கூறுகிறேன். அதனினும் இன்றியமையாதது ஒன்றுண்டு: கருவி சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது. அந்தப் பாடம் சிறுவர்க்கு மட்டும் உரியதன்று.

ஆட்டத்தின் விதிகள்

அறையின் ஒரு கோடியில் ஒரு முக்காலி. அதன்மேல் சுருட்டி வைத்த ஒரு காகிதம். அதுவே அரசாங்க ஓலை. மறுகோடியில் வாயில். சிறுவர் இரு கட்சியாகப் பிரிவர். ஒரு கட்சியார் காவலர். மறு கட்சியார் கள்வர். கள்வன் ஒருவன் மூன்று நிமிடத்திற்குள் ஓலையைக் கவர்ந்து வாயிலுக்கு மீள வேண்டும். காவலர் வெளியில் நிற்பர். உள்ளே நடப்பதை அவர்களுக்கு அறிவிக்கும் ஒற்றன் கருவி ஒன்றே. அது ஒலித்தால் கள்வன் அகப்பட்டான். நாம் சிறுவயதில் சீட்டு எழுதி ஆடிய திருடன் போலீசும், வடநாட்டுச் சிறுவர் ஆடும் ‘ராஜா மந்திரி சோர் சிப்பாயி’யும் இதற்கு உறவினம் எனலாம்.

முதல் ஒற்றன்

கடைகளில் பி.ஐ.ஆர். உணரி என்று கேட்டால் கிடைக்கும். எச்.சி.-எஸ்.ஆர். 501 என்பது பலரும் வாங்கும் வகை. தீப்பெட்டியினும் சிறிய பலகை. அதன்மேல் வெண்ணிறக் குமிழ். இஃது எந்தக் கதிரையும் வெளியே அனுப்புவதில்லை. வருவதைப் பெறுவதே இதன் தொழில்.

என்ன வருகிறது? நம் உடலின் வெப்பம். வெப்பமுள்ள பொருள் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வீசிக்கொண்டே இருக்கிறது. கதிரவன் ஒளியை முப்பட்டகத்தால் பிரித்துச் சிவப்பு நிறத்திற்கு அப்பால் வெப்பமானியை வைத்து, 1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் இக்கதிரைக் கண்டறிந்தார். மனித உடல் மிகுதியாக வீசும் கதிரின் அலைநீளம் ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர். அதாவது மில்லிமீட்டரில் 100-இல் ஒரு பங்கு.

இந்த வெப்பத்தை மின்சாரமாக மாற்றும் பண்பு சில படிகங்களுக்கு உண்டு. அவற்றுள் ஒன்றான டூர்மலின் கல்லை 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றவர் டச்சு வணிகர். அப்பெயரே சிங்களச் சொல் ஒன்றிலிருந்து பிறந்தது. சூடேற்றிய கல் அடுப்புச் சாம்பலைத் தன்பால் ஈர்ப்பதைக் கண்டு, ‘சாம்பல் இழுப்பி’ என்று டச்சுக்காரர் அதற்குப் பெயரிட்டனர். சூடு மாறும்போது கல்லின் முனைகளில் மின்னூட்டம் தோன்றுவதே அந்த வியப்புக்குக் காரணம். இன்று உணரிக்குள் இருப்பது வேறு படிகம், தத்துவம் அதுவே.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். படிகம் வெப்பத்தைச் சொல்வதில்லை. வெப்பத்தின் மாற்றத்தையே சொல்கிறது. மேலும், உணரிக்குள் இரண்டு படிகத் துண்டுகள் ஒன்றுக்கொன்று எதிராக இணைக்கப்பட்டுள்ளன. அறை முழுவதும் மெல்லச் சூடேறினால் இரண்டும் ஒருங்கே மாறும். ஒன்றன் விளைவை மற்றொன்று அழித்துவிடும். ஓர் ஆள் குறுக்கே நடந்தால் முதலில் ஒரு துண்டும் பிறகு மற்றொன்றும் மாறும். அப்போதே மின்குறி எழும். வெண்குமிழ் வெறும் மூடியன்று. பல சிறு வில்லைகளின் தொகுதி. 1823-இல் பிரான்சு நாட்டுக் கலங்கரை விளக்கம் ஒன்றில் ஃபிரெனெல் பொருத்திய வில்லையின் வழிவந்தது அது. அஃது அறையை ‘தெரியும் பகுதி, தெரியாத பகுதி’ எனக் கீற்றுக் கீற்றாகப் பிரிக்கிறது. நடப்பவன் கீற்று மாறும்போதெல்லாம் உணரி விழிக்கிறது. ஏறத்தாழ 7 மீட்டர் வரை இதன் ஆட்சி செல்லும்.

முதல் நாளிலேயே நிரல் எழுத வேண்டியதில்லை. உணரிக்குக் கணினியின் யூ.எஸ்.பி. முனையிலிருந்து 5 வோல்ட் தருக. அதன் வெளியீட்டுக் கம்பியை 1 கிலோ ஓம் மின்தடை வழியாக பி.சி. 547 டிரான்சிஸ்டரின் அடிவாயில் இணைக்க. ஏற்பிக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையில் பஸ்ஸர், உமிழி தரையிணைப்புக்கு. அவ்வளவே. மின்சாரம் தந்ததும் ஒரு நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். உணரி நிலைகொள்ள அந்நேரம் ஆகும். சுவரிலுள்ள மின்செருகியைச் சிறுவர் தொடவே கூடாது என்பது என் முதற் கட்டளை.

ஏமாற்றும் கலை

கருவி ஒலித்ததும் சிறுவர் அடைந்த மகிழ்ச்சி பெரிது. ஆனால், அதனை ஒலிக்காமல் வைக்க முனைந்தபோதுதான் அவர்கள் விஞ்ஞானிகள் ஆயினர்.

ஒரு சிறுமி ஆமையினும் மெதுவாக நகர்ந்து பார்த்தாள். கருவி வாய் திறக்கவில்லை. மாற்றம் மிக மெதுவாக நிகழ்ந்தால் உணரியின் சுற்று அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் மூன்று நிமிடத்தில் முக்காலியை அடைய அவளால் இயலவில்லை. வேறொருவன் கருவியை நோக்கி நேராக நடந்தான்; குறுக்கே நடப்பவனைவிடத் தாமதமாகவே அகப்பட்டான். மூன்றாமவன் சட்டமிட்ட பழைய படத்தின் கண்ணாடியைக் கருவிக்கு முன்னே பிடித்துக்கொண்டான். நம் கண்ணுக்கு அவன் நன்றாகத் தெரிந்தான். கருவியின் கண்ணுக்குத் தெரியவில்லை! சாதாரணக் கண்ணாடி நாம் காணும் ஒளியை விடும். 10 மைக்ரோமீட்டர்க் கதிரை விடாது. இதற்கு நேர்மாறானது குப்பைக்கு வைக்கும் மெல்லிய கறுப்புப் பாலிதீன் பை. அதன் பின்னே ஒளிந்தவன் நம் கண்ணுக்கு மறைந்தான், கருவிக்கு மறையவில்லை. ‘மறைவு’ என்பது யாருக்கு மறைவு என்று கேட்க வேண்டிய சொல் என்பதைச் சிறுவர் அன்று உணர்ந்தனர்.

பொய்க் குற்றம்

மே மாதத்து நண்பகல் ஒன்று. வெளியே வெயில் 40 பாகையைக் கடந்திருந்தது. எல்லோரிலும் இளையவன் கள்வனாக வாயிலில் நின்றான். இன்னும் அடியெடுத்து வைக்கவில்லை. சன்னல் கதவு திறந்து, ‘லூ’ என்னும் வடநாட்டு அனல்காற்று உள்ளே புகுந்தது. திரைச்சீலை ஆடிற்று. பஸ்ஸர் அலறிற்று.

“சோர்! சோர்!” என்று காவலர் ஆர்ப்பரித்தனர்.

“அண்ணா, நான் அசையவே இல்லை!” என்றான் அவன். கண்ணில் நீர் கட்டிவிட்டது.

“மெஷினே சொல்லிவிட்டது. மெஷின் பொய் சொல்லுமா?” என்றான் காவலர் தலைவன்.

நண்பர்களே, இக்கேள்வியை ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுவன் கேட்டான் என்று நாம் சிரித்துவிட முடியாது. பெரியவர்களும் இதனையே கேட்கின்றனர். சொற்கள் மட்டும் வேறு.

ஆமை நடை நடந்த அச்சிறுமிதான் வழக்கைத் தீர்த்தாள். அவள் எல்லோரையும் அறைக்கு வெளியே நிறுத்தினாள். வெளியிலிருந்து ஒரு கோலால் வெயிலில் காய்ந்த அத்திரைச்சீலையை ஆட்டினாள். ஆளில்லாத அறையில் பஸ்ஸர் அலறிற்று! கருவி பொய் சொல்லவில்லை. ‘வெப்பம் மாறியது’ என்ற மெய்யையே சொல்லிற்று. ‘கள்வன் வந்தான்’ என்பது கேட்டவர்கள் கட்டிக்கொண்ட கதை.

வள்ளுவர் கூறும் வழி

திருக்குறளில் ஒற்றாடல் 59-ஆம் அதிகாரம். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக்கொண்டு ஆராய்ந்தே கொள்ள வேண்டும் என்பது 588-ஆம் குறளின் கருத்து. அடுத்த குறள் இன்னும் நுட்பமானது: ஒற்றர் ஒருவரையொருவர் அறியாதவாறு ஆள வேண்டும், மூவர் சொல் ஒத்திருந்தால் நம்பலாம். இக்கருத்தைச் சிறுவர்க்குச் சொன்னேன். “அப்படியானால் இன்னும் இரண்டு ஒற்றர் வேண்டும்” என்றனர். தேடினோம்.

இரண்டாம் ஒற்றன், எச்.சி.-எஸ்.ஆர். 04 என்னும் கேளா ஒலி உணரி. நொடிக்கு 40,000 அதிர்வு கொண்ட ஒலியை அனுப்பி, அதன் எதிரொலிக்காகக் காத்திருக்கும். வௌவாலின் உத்தி இதுவே. எங்கள் அறையில் எதிர்ச்சுவர் 180 சென்டிமீட்டர் தொலைவில் இருந்தது. ஒலி சென்று மீள நொடியில் 100-இல் ஒரு பங்கு நேரமே ஆயிற்று. இடையில் ஆள் புகுந்தால் எதிரொலி முந்திவிடும். வெப்பநிலை 20 பாகையில் நொடிக்கு 343 மீட்டர் செல்லும் ஒலி, 40 பாகையில் 355 மீட்டர் செல்லும். ஆகவே கடும் வெயிலில் 180 என்பதைக் கருவி 174 என்று படிக்கும். இதற்கும் இடம்விட்டு, 150-க்குக் கீழே வந்தால் மட்டுமே ஆள் என்று வைத்துக்கொண்டோம்.

மூன்றாம் ஒற்றனைச் சிறுவர் கையாலேயே செய்தனர். இரண்டு அட்டைகள், உட்புறம் அலுமினியத் தாள் ஒட்டியவை, நடுவே துளைகள் இட்ட மெல்லிய பஞ்சுத் தகடு. மிதித்தால் துளை வழியே தாள்கள் தொடும், மின்சுற்று நிறைவுறும். அதன்மேல் ஒரு பாய் விரித்தால் யாரும் அறியார்.

மூவரையும் ஓர் ஆர்டுயினோ பலகையில் இணைத்தோம். ஒவ்வோர் ஒற்றனின் சொல்லையும் மூன்று நொடி நினைவில் வைத்து, எத்தனை பேர் ‘ஆம்’ என்கின்றனர் என்று எண்ணும் நிரல் அது. ஒருவர் மட்டும் சொன்னால் மஞ்சள் விளக்கு: ஐயம். இருவர் சொன்னால் பஸ்ஸர்.

ஏன் இருவர்? இது பற்றிச் சிறுவரிடையே பெரும் வழக்கு நடந்தது. ஒருவர் சொல்லே போதும் என்றால் கள்வர் தப்புவது அரிது; ஆனால் குற்றமற்றவர் அகப்படுவர். மூவரும் சொல்ல வேண்டும் என்றால் குற்றமற்றவர் பிழைப்பர், கள்வரும் பிழைப்பர். கணக்கிட்டுப் பார்த்தோம். ஒவ்வோர் ஒற்றனும் 10 முறைக்கு 1 முறை பொய்க்குரல் எழுப்புவதாகக் கொள்வோம். மூவரும் ஒருங்கே பொய்ப்பது 1000-க்கு 1; இருவரேனும் சேர்ந்து பொய்ப்பது 1000-க்கு 28. முன்பு 1000-க்கு 100 ஆக இருந்தது இப்போது 28. இளையவன் மூவர் வேண்டும் என்றான். காவலர் தலைவன் ஒருவர் போதும் என்றான். வாக்கெடுப்பில் இருவர் என முடிந்தது.

ஆனால் இக்கணக்கு ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. ஒற்றர்தம் பிழைகளுக்கு ஒரே வேர் இருத்தல் ஆகாது. இதனை எங்களுக்குக் கற்பித்தது ஒரு கம்பளிப் போர்வை. அதனைப் போர்த்துக்கொண்டு ஒருவன் நுழைந்தான். உடலின் வெப்பம் போர்வைக்கு வெளியே வரச் சிறிது நேரம் ஆகும். முதல் ஒற்றன் உறங்கினான். கம்பளி கேளா ஒலியை விழுங்கிக்கொண்டது. இரண்டாம் ஒற்றனும் உறங்கினான். ஒரே கையூட்டுக்கு இருவரும் விலைபோயினர்! பாயின் கீழிருந்த மூன்றாமவன் மட்டும் மஞ்சள் விளக்கை ஏற்றினான். அவன் நம்பியது வெப்பத்தையன்று, ஒலியையன்று, எடையை. ஒற்றர் ஒருவரையொருவர் அறியலாகாது என்றதன் ஆழம் அப்போது விளங்கிற்று.

மறைத்து வைக்கலாகாது

ஆட்டம் முடிந்ததும் ஒருவன் கேட்டான்: “அண்ணா, இதை அக்காவின் அறையில் ஒளித்து வைக்கட்டுமா?” அதற்கு விடையாக ஒரு வரலாறு கூறினேன். 1945-இல் சோவியத்துச் சிறுவர், மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரை ஒன்றை மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதருக்குப் பரிசளித்தனர். அவர் அதனைத் தம் இல்லத்தில் மாட்டினார். அதனுள் மின்கலமே இல்லாத ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தது, 1952-இல்தான் கண்டுபிடித்தனர். அமைத்தவர் தெரெமின், கையசைவை உணர்ந்து இசைக்கும் கருவியை அதற்கும் முன்பே உலகுக்குத் தந்தவர். ஒரே அறிவு இசையாகவும் ஆயிற்று. ஒட்டுக்கேட்கும் காதாகவும் ஆயிற்று. கேட்டபின் சிறுவரே ஒரு விதி எழுதிச் சுவரில் ஒட்டினர்: ‘சொல்லாமல் யாரையும் ஒற்றக் கூடாது.’

நம்மைச் சுற்றியும் இன்று ஒற்றர் பலர். நடந்தால் எரியும் விளக்கு, வருகையைப் பதியும் கருவி, கட்டுரையைப் பார்த்து எழுதினோமா என்று ஆராயும் மென்பொருள் — இவற்றுள் எதுவும் ஆளை அறியாது. ஏதோ ஒரு மாற்றத்தை, ஏதோ ஓர் ஒப்புமையை மட்டுமே அறியும். அதன் சொல்லைக் கேட்டு ஒருவரைக் குற்றவாளி என்று முடிவு கட்டுமுன், ‘இக்கருவி உணர்வது எதனை? இதனைச் சரிபார்க்கும் மற்றோர் ஒற்றன் யார்?’ என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கேட்கும் கடமையும் உண்டு.

விடுமுறையில் ஊர் செல்லும் நண்பர்கள் தம்பி தங்கையருடன் இதனை முயன்று பார்க்கலாம். மூன்று உணரிகளும் ஆர்டுயினோ பலகையும் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். வளாகத்திலேயே தங்குவோர் எங்களுடன் சேரலாம். கள்வராக ஆட விரும்புவோர் போர்வையுடன் வருக. மூன்றாம் ஒற்றன் பாயின் கீழே காத்திருக்கிறான்.