கோலின் முதல் சாண்

கவ்வாத்துக்குப் போகிறவர் புதுக் கத்தியை வாங்கியதும் அதன் விளிம்பைத் தடவிப் பார்ப்பதோடு விட்டுவிட மாட்டார். பிடியில் இறுக்கி இரண்டு தடவை வீசிப் பார்ப்பார். கூரைப் பிறகு தீட்டிக்கொள்ளலாம். பாரம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைத் தீட்டி மாற்ற முடியாது.

பூல், ஸ்னூக்கர் ஆடுகிறவர்களும் கியூவை இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். "அடி நல்லா இருக்கு", "பாரம் சரியா நிக்குது", "கைக்குப் பிடிக்குது" என்று மூன்று காரணம் சொல்வார்கள். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வதால் மூன்றும் ஒன்றுதான் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. இயற்பியல் அவற்றைப் பிரித்துப் பார்க்கிறது. அடி என்பது கோலின் முன்நுனிக்கும் பந்துக்கும் இடையிலான விஷயம். பாரம் கோலுக்கும் தோளுக்கும் இடையிலானது. கையுணர்வோ கோலுக்கும் மூளைக்கும் இடையிலானது. எதற்கு எவ்வளவு விலை கொடுப்பது என்பது இந்த வேறுபாட்டைப் பொறுத்தது.

துரைமாரோடு வந்த மேசை

பில்லியர்ட்ஸ் மேசை மலைத்தோட்டங்களுக்குத் துரைமாரின் கிளப்புகள் வழியாக வந்தது. நீலகிரியும் அப்படித்தான். 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற படை அதிகாரி தொடங்கி வைத்த ஸ்னூக்கருக்கு, 1882இல் ஊட்டி கிளப்பில் விதிகள் எழுதி ஒட்டப்பட்டன. ஆங்கிலேயரின் பில்லியர்ட்ஸில் இலங்கையர் ஒருவர் உலகின் உச்சிக்கே போனார். 1973இல் பம்பாயில் நடந்த உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் எம்.ஜே.எம். லாபிர் சம்பியனானார்.

மேசையில் சப்ரகமுவ மக்களுக்கு நன்றாகப் பழகிய பொருள் ஒன்றும் உண்டு. பந்து மோதித் திரும்பும் குஷனுக்குள் இருப்பது இறப்பர். லண்டனில் மேசை செய்த ஜோன் தர்ஸ்டன் 1830களில் இதை முயன்று பார்த்தபோது, குளிர் வந்தால் குஷன் கல்லாக இறுகியது. கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய இறப்பர் 1840களில் வந்த பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது. பிரேசிலின் இறப்பர்க் கன்றுகள் 1876இல் கம்பஹா ஹெனரத்கொடைத் தோட்டத்தில் இறங்கி, பின்னர் கேகாலை, இரத்தினபுரிச் சரிவுகளை நிறைத்தன.

மேசையின் கணிதமும் பழையதுதான். பிரான்ஸின் கொரியோலிஸ் 1835இலேயே பில்லியர்ட்ஸ் பந்தின் அசைவு பற்றி முழுநூல் எழுதினார். புயல் சுழலும் திசையை விளக்கும்போது பெயர் அடிபடும் அதே கொரியோலிஸ்தான். பந்தின் மையத்துக்கு மேலே, ஆரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு உயரத்தில் அடித்தால் பந்து சறுக்காமல் உடனே உருளத் தொடங்கும். 57 மில்லிமீட்டர் விட்டமுள்ள பூல் பந்தில் அந்த இடம் துணியிலிருந்து சுமார் 40 மில்லிமீட்டர் உயரத்தில் வரும்.

அடி: ஆயிரத்தில் ஒரு பங்கு செக்கன்

கியூவின் நுனியில் ஒட்டியிருக்கும் தோல், வெள்ளைப் பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்குதான். கோல் பந்துக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் அதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும்.

அந்த நேரத்தில் ஏறக்குறைய 147 சென்டிமீட்டர் நீளக் கோல் முழுவதும் வேலை செய்கிறதா? நேராக நடுவில் அடிக்கும்போது பெரும்பாலும் ஆம். மரத்தின் நீளவாக்கில் அழுத்த அலை ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 4 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதால், பந்து விலகுமுன் அது கோலின் கடைசி வரை போய்விடும். பக்கவாட்டில் அடித்துப் பந்தைச் சுழற்றும்போது கதை வேறு. பந்து சுழலத் தொடங்கியதும் நுனியையும் பக்கவாட்டில் தள்ளுகிறது. நுனிக்குத் தன் சொந்தப் பாரம் இருப்பதால் அது எதிர்த்து நிற்கிறது. அந்த எதிர்ப்பு பந்தைத் திருப்பித் தள்ள, நீங்கள் குறிவைத்த கோட்டிலிருந்து பந்து மறுபக்கம் விலகிப் போகிறது. வலப்பக்கம் அடித்தால் இடப்பக்கம் விலகும்.

இந்த விலகல் இரண்டு பாகை என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை மீட்டர் தூரத்தில் பந்து 5 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிப் போயிருக்கும். கிட்டத்தட்ட ஒரு பந்தின் அகலம். குழியில் விழ வேண்டிய பந்து விழாமல் போவதற்கு இதில் கால்வாசியே போதும்.

பக்கவாட்டு வளைவு மரத்தில் மெதுவாகத்தான் பரவும். அது கோலின் முன்பகுதியில் ஒரு சாண் அளவு போவதற்குள் பந்து கிளம்பிவிடுகிறது. ஆகவே விலகலைத் தீர்மானிப்பது அந்த முதல் சாணின் பாரம் மட்டுமே. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பேராசிரியராக இருந்த டேவிட் அல்சியடோரே இதைச் சோதித்தார். கோலின் மீது சிறு எடையொன்றை நுனியிலிருந்து வெவ்வேறு தூரங்களில் பொருத்தி அடித்துப் பார்த்தார். எடை நுனிக்கு அருகில் இருந்தபோது விலகல் கூடியது. ஒரு சாணுக்கு அப்பால் நகர்த்தியதும் அந்த எடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். குறைந்த விலகல் என்று விளம்பரம் செய்து விற்கும் கோல்களின் இரகசியமும் இவ்வளவே. முன்தண்டின் உள்ளே துளையிட்டு, அல்லது அதைக் குழலான கார்பன் இழையில் செய்து, அந்த ஒரு சாணை இலேசாக்குகிறார்கள்.

அடியின் அடுத்த பங்காளி தோல் முனை. இறுகிய தோல் பந்தைச் சட்டென்று விடுவிக்கும், சக்தியையும் அதிகம் கடத்தும். மென்மையான தோல் சற்று நேரம் கூடத் தொட்டுக்கொண்டிருக்கும், சிறிது சக்தியைத் தானே விழுங்கிவிடும். முனை தட்டையாகப் போயிருந்தால் பக்கவாட்டில் அடிக்கும்போது அதன் விளிம்பு மட்டுமே பந்தில் படும், வழுக்கும். நல்ல முனையும் நல்ல சோக்கும் இருந்தால்கூட மையத்திலிருந்து ஆரத்தில் பாதித் தூரம்தான் எல்லை. பூல் பந்தில் அது ஏறக்குறைய 14 மில்லிமீட்டர். அதைத் தாண்டினால் எவ்வளவு விலையுள்ள கோலும் வழுக்கும்.

பாரம்: எவ்வளவு, எங்கே

பூல் கியூக்கள் பெரும்பாலும் 18 முதல் 21 அவுன்ஸ் வரை, அதாவது 510 முதல் 595 கிராம் வரை இருக்கும். கனமான கோல் பந்தை வேகமாக விரட்டும் என்பது பொதுவான நம்பிக்கை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரே வேகத்தில் வரும் இரண்டு கோல்கள் 170 கிராம் பந்தை அடிக்கின்றன. 510 கிராம் கோலைவிட 595 கிராம் கோல் பந்துக்குக் கொடுக்கும் வேகம் நூற்றுக்கு நான்கு பங்குகூட அதிகமில்லை. கனமான கோலைக் கை சற்று மெதுவாகத்தான் ஓட்டும் என்பதால் அந்த இலாபமும் கரைந்துவிடலாம்.

எடை எவ்வளவு என்பதைவிட எங்கே நிற்கிறது என்பது கைக்கு முக்கியம். கோலை ஒரு விரலின் மேல் கிடையாக வைத்துப் பாருங்கள். அது சாயாமல் நிற்கும் புள்ளி, தடித்த முனையிலிருந்து பொதுவாக 43 முதல் 48 சென்டிமீட்டருக்குள் இருக்கும். இந்தப் புள்ளி 45இல் இருக்கும் 540 கிராம் கோல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பின்கை தடித்த முனையிலிருந்து 30 சென்டிமீட்டரில் பிடிக்கிறது, தாங்கும் கை நுனிக்கு 20 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது. அப்போது தாங்கும் கையில் விழும் சுமை சுமார் 84 கிராம். அதே எடைக் கோலில் புள்ளி 48க்கு நகர்ந்தால் சுமை 100 கிராமாகிறது. மொத்த எடை மாறவில்லை, புள்ளி மூன்று சென்டிமீட்டர் தள்ளியிருக்கிறது. தாங்கும் கைக்கு மட்டும் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது.

முன்பாரக் கோல் விரல்களில் அமர்ந்து ஓடும், நுனி துள்ளாது. பின்பாரக் கோலின் நுனி இலேசாக எழும், கையின் சிறு நடுக்கமும் அதில் தெரியும். உயரமானவர்கள் இன்னும் பின்னால் பிடிப்பார்கள், அவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். ஆகவே எல்லோருக்கும் சரியான புள்ளி என்று ஒன்று கிடையாது.

பாரம் எங்கே நிற்கும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது மரம். ஆங்கில மரபு ஸ்னூக்கர் கோலின் தண்டு ஆஷ் மரம், பூல் கோலின் தண்டு மேப்பிள் மரம். இரண்டும் தண்ணீரில் மிதப்பவை. அடித்தண்டுக்கு விரும்பிச் சேர்க்கும் கருங்காலியோ தண்ணீரில் மூழ்கும். இலங்கையின் உலர் வலயக் காடுகளில் வளரும் மரம் அது. அதன் கறுப்பு அழகுக்காக மட்டும் சேர்ப்பதில்லை, பாரத்தைப் பின்னால் இழுத்து வைக்கவும்தான். பல கோல்களின் அடியில் ஒரு உலோகத் திருகாணியும் இருக்கும். அதை மாற்றிப் பாரத்தைச் சரிசெய்யலாம் என்று பலருக்குத் தெரிவதில்லை.

கையுணர்வு: தாமதமாக வரும் செய்தி

பந்து கிளம்பிய பிறகு கோல் அதிர்கிறது. அதிர்வு உள்ளங்கைக்கும் சத்தம் காதுக்கும் வருகிறது. தோலுக்கடியில் உள்ள பசினியன் நுண்ணுறுப்புகள் செக்கனுக்கு 200 முதல் 300 தடவை துடிக்கும் அதிர்வுகளை மிக நுட்பமாகப் பிடிக்கும். மனிதர் ஒரு தூண்டலுக்கு எதிர்வினை காட்ட ஏறத்தாழ 0.2 செக்கன் ஆகும். செக்கனுக்கு 3 மீட்டர் வேகத்தில் போகும் பந்து அதற்குள் 60 சென்டிமீட்டர் கடந்துவிடும். ஆகவே கையுணர்வால் அந்த அடியைத் திருத்த முடியாது.

அப்படியானால் கையுணர்வு பொய்யா? இல்லை. அது அடுத்த அடிக்கான பாடம். நடுவில் பட்டதா, ஓரத்தில் பட்டதா, கை இறுகிவிட்டதா என்பதைக் கோல் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிச் சொன்னால் மூளை கற்றுக்கொள்ளும். அந்தப் பாடத்தில் காதுக்கும் பங்குண்டு. பிரித்தானியாவின் லஃப்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட கோல்ஃப் ஆய்வொன்று, ஆடுகிறவர்கள் கையுணர்வு என்று மதிப்பிடுவதற்கும் அடியின் சத்தத்துக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதைக் காட்டியது. பூல் கோலில் உருக்கு இணைப்பா, மரத்தோடு மரம் சேரும் இணைப்பா என்று நடக்கும் வாக்குவாதங்களில் பாதிக்காவது காதுதான் பதில் சொல்கிறது என்று தோன்றுகிறது.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். கோலை இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்துத் தொங்கவிட்டு, நடுவில் மெல்லத் தட்டுங்கள். பிடிக்கும் இடத்தை மாற்றிக்கொண்டே போனால் ஓரிடத்தில் விரலுக்கு அதிர்வே தெரியாது, ஆனால் கோல் தொடர்ந்து ரீங்கரிக்கும். சீரான தடியென்றால் அந்த இடம் முனையிலிருந்து நீளத்தில் 22 சதவீதத் தூரத்தில் வரும். 147 சென்டிமீட்டர் தடியில் அது சுமார் 33 சென்டிமீட்டர். கியூ ஒரு பக்கம் தடித்திருப்பதால் இடம் சற்று மாறும். அந்த இடத்தில் பிடித்தால் மொத்த அடியும் மென்மையாகத் தெரியும், நாலு விரல் தள்ளிப் பிடித்தால் அதே கோல் முரடாகத் தெரியும். கடையில் "இந்தக் கோல் நல்லா இல்லை" என்று வைத்துவிட்டுப் போகிறவர் சில வேளை குறை சொல்வது கோலையல்ல, தான் பிடித்த இடத்தை.

மழை நாட்டில் மரக்கோல்

ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இரத்தினபுரியில் இந்த மூன்றுக்கும் முன்னால் நான்காவது கேள்வி ஒன்று வருகிறது: கோல் நேராக இருக்கிறதா? மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி அகலவாக்கில் வீங்கும். ஒரு பக்கம் கூட வீங்கினால் வளையும். ஈரச்சுவரில் சாய்த்து வைத்த கோல் ஒரு மழைக்காலத்துக்குள் வில்லாகிவிடலாம். தோல் முனையும் ஈரத்தில் இளகி விளிம்பு பிதுங்கும். மேசைத் துணியில் ஈரம் ஏறினால் பந்து சோம்பும், அதற்குக் கோலைக் குறை சொல்லிப் பயனில்லை.

கோலை மேசையில் உருட்டிப் பார்ப்பது வழக்கம். மேசையே சமமில்லாதபோது அது பொய் சொல்லும். ஒரு கண்ணை மூடி, தடித்த முனையிலிருந்து நுனியை நோக்கி, கோலைச் சுற்றிக்கொண்டே பார்ப்பது நம்பகமானது. கோலைக் கிடையாக வைப்பது, அல்லது நேர் செங்குத்தாகத் தொங்கவிடுவது நல்லது. கார்பன் இழைத் தண்டுக்கு ஈரம் ஒரு பொருட்டில்லை. யட்டியாந்தோட்டை, காவத்தைப் பக்கத்து மழையில் அதுவே அதன் பெரிய தகுதி, விலகல் குறைவது அடுத்தபடிதான்.

வாங்கும் ஒழுங்கு

முதலில் கோல் நேராக இருக்கிறதா பாருங்கள், வளைந்த கோலை எந்த முனையும் காப்பாற்றாது. அடுத்தது தோல் முனை: உருண்டையாக, பிதுங்காமல், தண்டோடு இடைவெளியின்றி ஒட்டியிருக்க வேண்டும். பிறகு உங்கள் வழக்கமான நிலையில் குனிந்து, கோலை முன்னும் பின்னும் ஓட்டித் தாங்கும் கையின் சுமையைக் கவனியுங்கள். நின்றபடி தூக்கிப் பார்ப்பது எடையை மட்டும்தான் சொல்லும். கடைசியில், மெதுவாக நடுவிலும் பக்கவாட்டிலும் அடித்து, பந்து எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். விலகல் குறைவாக இருப்பது வசதி. எப்போதும் ஒரே அளவாக இருப்பது அதைவிடப் பெரிய வசதி.

வாங்கிய பிறகு கோலை அடிக்கடி மாற்ற வேண்டாம். பழகிய கோலின் விலகலுக்கு ஏற்பக் குறியைத் தள்ளி வைக்க உங்கள் மூளை ஏற்கெனவே கற்றிருக்கும். புதுக் கோல் அந்தக் கணக்கைக் கலைத்துவிடும்.

கோலின் விலையை ஏற்றுவது பெரும்பாலும் அடித்தண்டின் வேலைப்பாடு: முத்துச்சிப்பிப் பதிப்பு, பல நிற மரத் துண்டுகள், நூல் சுற்று. பந்துக்கு அவை எட்டாத தூரத்தில் இருக்கின்றன. நடுத்தரக் கோல் ஒன்றை வாங்கி, மிஞ்சும் காசில் நல்ல தோல் முனை இரண்டும், ஈரம் புகாத உறை ஒன்றும் வாங்கி வையுங்கள்.